பத்திரிகையின் அடியில் என் போன் நம்பர்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்தே வெயில். ஆடி முடியப் போகிறது, காற்று அடங்கவில்லை. மாடியில் காயப்போட்ட துணி இரண்டு பக்கத்து வீட்டில். முதல் ஷிஃப்ட். செம்மங்குப்பம் கம்பெனியிலிருந்து இரண்டரைக்கு வீடு.

செய்ய: கேஸ் புக்கிங். ஃப்ளோரா ஸ்கூட்டிக்கு பிரேக். லேப்டாப் மூடி (ரப்பர் பேண்டே போதும்).

மாற்றியின் புதுப் பதிப்பு விட்டுப் பத்து நாள். செல்போனில் வரும் தமிழை அச்சகங்களின் பழைய எழுத்துருவுக்கும், அங்கிருந்து இங்கும் மாற்றித் தரும் சின்ன மென்பொருள். ஏழு வருடமாக இலவசம், யாரும் நிரலைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். அச்சகக்காரர்கள், தீசிஸ் அடித்துக் கொடுப்பவர்கள் எல்லோருக்கும் இதுதான். சர்வர் வாடகை மட்டும் புருஷன் பெண்டாட்டி எங்கள் இருவர் சம்பளத்தில். ஃப்ளோரா போன வருடமே சொல்லிவிட்டாள்: "அடுத்த ஆகஸ்டுக்குள்ள அது செலவ அது பாத்துக்கணும். இல்லன்னா இழுத்து மூடுங்க. நர்ஸ் வேலைக்குப் போயி நான் ஊருக்கே சர்வர் கட்ட முடியாது." தலையாட்டினேன். நியாயம்தான். அந்த ஆகஸ்ட் இதுதான்.

இணையதளத்தில் நன்கொடைப் பொத்தான் வைத்தேன். ஒருவரும் தொடவில்லை. அதனால் புதுப் பதிப்பில் ஒரு வேலை செய்தேன். மாற்றிய ஒவ்வொரு கோப்பின் அடியிலும் தானாக ஒரு வரி வரும்: "இது இலவச மென்பொருள். பயன்பட்டால் இயன்றதை அனுப்புங்கள்." கூடவே பணம் அனுப்ப என் போன் நம்பர். படிப்பார்கள், அழிப்பார்கள், சிலர் அனுப்புவார்கள். இதுவரை மூன்று பேர். ஒருவர் பதினைந்து ரூபாய், "டீ குடிங்க" என்று. குடித்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

சிதம்பரத்திலிருந்து குமரவேல் போன். சின்ன அச்சகம் வைத்திருப்பவர், மாற்றியை ஆரம்பத்திலிருந்தே பயன்படுத்துகிறவர்.

"சார், நம்ம மாத்தியால ஒரு வில்லங்கம் ஆயிப்போச்சு சார்."

போட்டோ அனுப்பினார். கல்யாணப் பத்திரிகை. சிவப்பு அட்டை, தங்க எழுத்து. மணமக்கள், இரு வீட்டார், கடைசியில் அச்சகத்தின் பெயர். அதற்கும் கீழே என் வரி. என் நம்பரும் தங்கத்தில். எண்ணூறு பிரதி. பாதி கொடுத்தாகிவிட்டது.

ஃப்ளோராவிடம் காட்டினேன். ஃப்ளோரா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தி, "பொண்ணப் பெத்தவங்க சாபம் நமக்கு வேணாங்க. நேர்ல போயி மன்னிப்பு கேளுங்க" என்றாள்.

வரியை எடுத்துவிட்டு உடனே புதுப் பதிப்பு. மூன்று பேரைக் கொண்டுவந்த ஒரே வழியும் அடைத்தாயிற்று. மாதக் கடைசிக்கு இருபத்தைந்து நாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஷிஃப்ட் முடித்து அப்படியே சிதம்பரம் பஸ். நின்றுகொண்டே. குமரவேல் கடை தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். ப்ரூஃப் தாள்களை எடுத்துப் போட்டார்.

"பொண்ணு வூட்ல மூணு தடவ பாத்தாங்க சார். பெரியப்பா பேருக்கு மேல சித்தப்பா பேரு வந்துடுச்சுன்னு ஒரு தடவ. அத்தை இனிஷியல் தப்புன்னு ஒரு தடவ. மாமா பேருக்குப் பின்னாடி 'ஓய்வு' போடலன்னு ஒரு தடவ. கடைப் பேருக்குக் கீழ யாரு சார் பாப்பாங்க? நானே பாக்கல."

உண்மை. நானும் பத்திரிகை வந்தால் என் பெயர் இருக்கிறதா, சாப்பாடு எந்த மண்டபம், அவ்வளவுதான்.

பெண்ணின் அப்பா வந்தார். சண்முகம், தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்றவர்.

"நீங்கதானா அது?"

"நான்தாங்க. தப்பு என்னுதுதான்."

"சம்பந்தி வூட்லேர்ந்து போன் பண்றாங்க. 'இன்னா சார், பத்திரிகையிலயே வசூலா'ன்னு. முப்பத்தஞ்சு வருஷம் சர்வீஸு. ஒருத்தர்கிட்ட கை நீட்டுனதில்ல தம்பி."

கண் கலங்கிவிட்டார். திட்டியிருந்தால் தேவலை. மறுபடி அச்சடிக்கும் செலவை நான் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். மீதி நானூறில் அந்த வரியின் மேல் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டினோம், மூன்று பேரும். "கோணலா ஒட்டாதீங்க" என்று ஒருமுறை சொன்னார். அதுவே ஆறுதலாக இருந்தது.

ஆகஸ்ட் 9, சனி

போனில் பணமாக வருகிறது! 101. 501. 1001. "மணமக்கள் வாழ்க." "பண்ருட்டி சித்தி." "வர முடியல, காடாம்புலியூர் ராமு." கொடுத்துவிட்ட நானூறு பத்திரிகையின் வேலை. வரியை யார் படித்தார்கள்? நம்பரைப் பார்த்தார்கள், மொய் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒருவர் போனே செய்தார். "பணம் அனுப்புனா ஆரோக்கியராஜுன்னு ஒங்க பேரு வருதே, மாப்ள ஃப்ரெண்டா?" விவரம் சொன்னேன். "சரி சரி, அது இருக்கட்டும். மொய்யில எழுதிக்குங்க."

இரண்டு வருட சர்வர் வாடகைக்குப் போதும். ஒரு நிமிடம் ஆசை வந்தது. யாருக்குத் தெரியப் போகிறது என்று தோன்றியது. வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும், வந்த மொய்ப் பணம் முழுவதையும் எடுத்துக்கொண்டு சிதம்பரம். மொய் நோட்டு ஒன்று வாங்கி, மூலையில் மஞ்சள் தடவி, பெயர், ஊர் எல்லாம் எழுதியிருந்தேன். சண்முகம் சார் தொகையைப் பார்க்கவே இல்லை. பெயர்களின் மேல் விரல் ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார்.

"திட்டக்குடி மச்சான் அனுப்பிருக்காரா? எங்க மேல வருத்தத்துல இருக்காரு. பேசியே ஆறு வருஷமாவுது."

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து எனக்கு ஒரு பத்திரிகை நீட்டினார், தட்டில் வைத்து. "குடும்பத்தோட வரணும்." அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

கிளம்பும்போது, கூட வந்திருந்த குமரவேல்: "இனிமே மாத்திக்கு இன்னா பண்ணுவீங்க?"

"மாசக் கடைசியோட நிறுத்தறேன்."

"நிறுத்தறீங்களா? சொல்லவே இல்லயே சார்!"

சொல்லவில்லைதான். ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட. இயன்றதைக் கேட்டேனே தவிர, இல்லாவிட்டால் நின்றுபோகும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

"கோயில்ல நாளுக்கு ஒருத்தர் உபயம் எடுக்கறாங்கல்ல? மாசத்துக்கு ஒரு கடை எடுக்கட்டும். பேரப் போடுங்க. டியூப்லைட்டுல வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பேரு எழுதற ஆளுங்க சார் நாம. பேரு போட்டா குடுக்காம இருப்பமா?"

ஃப்ளோராவிடம் சொன்னேன். "நம்ம மாதா கோயில்ல நவநாளுக்கு ஆளுக்கொரு நாள் எடுக்கறதில்லயா, அதேதான்" என்றாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பயனர் குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். பத்திரிகைக் கதை, சர்வர் வாடகை, மாதக் கடைசி. வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் நூற்றுச் சொச்சம் பதில்.

செப். குமரவேல். அக். அண்ணாமலைநகரில் தீசிஸ் அடிக்கும் அக்கா தங்கை. தை மாதத்துக்கு விருத்தாசலமும் நெய்வேலியும் அடிதடி. முகம் பார்த்திராத சிங்கப்பூர் நண்பர் ஒருவர், நிரலில் பிழை பார்த்துத் திருத்துபவர், இரண்டு மாதம் கேட்டார். "ஒருத்தருக்கு ஒண்ணுதான். கியூவுல வாங்க" என்று குமரவேல் அதட்டல்.

ஆகஸ்ட் 13, புதன்

மழை தூறல். வஞ்சிரம் விலை ஜாஸ்தி, சங்கரா வாங்கினேன்.

பதினொரு மாதம் நிரம்பிவிட்டது. டிசம்பர் மட்டும் காலி. மார்கழியில் முகூர்த்தம் இல்லை, அச்சகங்களுக்குக் கையில் காசு இருக்காது. அதை நானே போட்டுவிடுகிறேன் என்றேன்.

"நீங்க போட்டா பழைய கதைதான். ஒங்க பேரு வரக்கூடாது" என்றாள் ஃப்ளோரா, மீன் கழுவியபடியே. முகம் சரியில்லை. சரி, மூட வேண்டியதுதான் போல என்று நினைத்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். என் போன் ஒலித்தது. அவள் கணக்கிலிருந்து பணம், கூடவே ஒரு குறிப்பு: "டிசம்பர் உபயம் ஃப்ளோரா. பேரு பெருசா போடணும்."

போட்டேன். மற்ற பதினொன்றைவிட ஒரு அளவு பெரிதாக. யாராவது கேட்டால் நிரலில் பிழை என்று சொல்லிக்கொள்ளலாம்.