நல்லவாட்டில் மூச்சு திரும்பியது

மச்சான்,

கையில் இன்னும் ஸ்பிரிட் வாசனை போகவில்லை. நீ சண்டை போட்டு இழுத்துப்போன பயிற்சியில் கற்ற, போதை மருந்து அதிகமாகி மூச்சடங்கினவரை மீட்கும் நலாக்சோன் ஊசியை, இன்று காலை நிஜமாகவே ஒருவனுக்குப் போட்டேன். பிழைத்துவிட்டான்டா.

மீன்காரப் பெண்களை ஏற்றிப்போக நல்லவாடு கடற்கரையில் ஆட்டோவை நிறுத்தியிருந்தேன். படகு மறைவில் ஒரு பெண் அலறினாள். கடலுக்குப் போகிற அவள் புருஷன் மணலில் கிடந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பக்கத்தில் சிரிஞ்சு.

"குடிச்சிட்டுத் தூங்குறான், வுடும்மா" என்றார் ஒருவர். எனக்குத் தெரிந்துவிட்டது, அது தூக்கமில்லை.

பாகூரில் நடந்த அந்தப் பயிற்சி வகுப்பில் நீதான் நோயாளியாகத் தரையில் படுத்தாய். நினைவிருக்கிறதா என்று பார்க்க ஒரு அக்கா உன் நெஞ்செலும்பைத் தேய்த்ததும் கூச்சத்தில் நீ நெளிய, கூடமே சிரித்தது. எழுந்து உட்கார்ந்து சொன்னாய்: "சிரிங்க. ஆனா நான் நெசமாவே இப்பிடிக் கெடந்தவன். வலி மாத்திரையக் கரைச்சிக் குத்திக்கினேன். இந்த ஊசி போட்டாங்க, அதான் இன்னிக்கு உங்ககிட்ட பேசறேன்." பிறகு எல்லாரும் ஊசியைக் கையிலெடுத்து, ஆரஞ்சுப் பழத்தில் குத்திக் குத்திப் பழகினோம்.

அந்த நாளில் பலரும் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்ட சிரிஞ்சுகளில் தொற்றிய நோய் கல்லீரலை அரித்து, போன மழைக்காலத்தில் உன்னைக் கொண்டுபோனது. அதற்கு இந்த மருந்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இன்று, 108-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு, ஆட்டோவிலிருந்த மருந்தை எடுத்துவந்து மணலில் கிடந்தவன் தொடையில் போட்டேன். "ஊசி போட்டுட்டு வேடிக்கை பாக்காதடா, நீ ஊது" என்பாயே. தலையை நிமிர்த்தி, மூக்கைப் பிடித்து, வாயில் ஊதினேன். ஊதிக்கொண்டே இருந்தேன். அவன் நெஞ்சு தானாக ஏறியது. எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது.

கண் திறந்ததும் கெட்ட வார்த்தையில் திட்டினான். போதையைக் கெடுத்துவிட்டேனாம். அத்தனை இனிப்பாக என்னை யாரும் திட்டியதில்லை. நான் போட்ட மருந்தின் வேகம் தணிந்தால் மறுபடி மயங்கக்கூடும் என்பதால், ஆம்புலன்ஸ் வரும்வரை அவனை நகரவிடவில்லை. பின்னாலேயே ஆஸ்பத்திரிக்கும் போனேன்.

அங்கே அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, இத்த எனக்கும் போடக் கத்துக் குடுங்க. எங்க தெருவுல இன்னும் சில வூட்ல இப்பிடி இருக்காங்க." பாகூரில் நமக்கு வகுப்பெடுத்த நர்ஸம்மாவிடம் உடனே போனில் பேசினேன். நல்லவாட்டிலேயே வகுப்பு வைக்க ஒத்துக்கொண்டார்.

வில்லியனூர் வரை தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டிவந்தேன். "இன்னாபா, இன்னா விசேஷம்?" என்றார்கள் ஆட்டோ ஸ்டாண்டில். முதலில் உன்னிடம் சொல்லவேண்டும் என்று வாயைத் திறக்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது, நீ இல்லை. இந்தச் சந்தோஷத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல், நானே சுமந்துகொண்டு திரிகிறேன்.