கருத்தப்பாண்டியின் கால்

லடாக், 18-1-1963

அன்புள்ள வேலுத்தாய்க்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் சுகம்தானே? தீப்பெட்டிக் கம்பெனியில் உன்னை மருந்து கலக்கும் அறைக்கு மாற்றிவிடவில்லையே?

இங்கே குளிர் கொஞ்சம் கூடுதல், வேறு குறையில்லை. எங்கள் கேப்டன் தினமும் சாயங்காலம் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவர் காலையும் கையில் எடுத்துப் பனிப்புண் இருக்கிறதா என்று பார்ப்பார். முதல் நாளே எனக்குச் சந்தேகம். நம் ஊரில் மேலே இருக்கிறவன் குனிந்தால், நம் தலையில் எதையோ ஏற்றப்போகிறான் என்றுதானே அர்த்தம்?

நினைத்தபடியே ஆயிற்று. போன வாரம் எனக்கு லான்ஸ் நாயக் பதவிக்கான பட்டை கொடுத்து, "இனி உன் ஆட்கள் காலை நீ பார்" என்றார். என் ஆட்களில் ஒருவர், நாம் களையெடுத்த காட்டின் முதலாளி மகன் கருத்தப்பாண்டி. அவர் அப்பா காலில் என் அப்பா விழுந்ததை நீயும் பார்த்தவள்தானே. இதற்குத்தான் பட்டையா என்று கசந்தது.

அவரும் காலை இழுத்துக்கொண்டார். "எதுக்குலே என் காலத் தொடுதே? எங்கிட்ட என்ன வேணும் ஒனக்கு?"

"கால நீட்டு. இது உத்தரவு" என்றேன். அவரிடம் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

சுண்டுவிரல் வெளுத்து மரத்திருந்தது. அந்தக் காலை என் சட்டைக்குள் விட்டு, வயிற்றோடு அணைத்துச் சூடேற்றினேன். விரல் பிழைத்துவிட்டது.

விளக்கெண்ணெய் ஒரு புட்டியும், உன் கையால் நாலு வரியும் அனுப்பு. அவர் அம்மாவைப் பார்த்தால் மகன் சுகம் என்று மட்டும் சொல். மற்றதை நம்பமாட்டார்கள். நானே கேப்டனை இன்னும் முழுதாக நம்பவில்லை.

சாயங்காலமாகிவிட்டது. கால் பார்க்கப் போக வேண்டும்.

ஊர்க்காவலன்