கேள்வி புரியாத கணக்கு

ஜூன் 2, திங்கள்

ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளி. இன்று திறந்தார்கள். ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பாடத்துக்கும் ஜக்கம்மாள் டீச்சர் ஒருவர்தான். இங்கே மணி அடித்தால் வேறு ஆள் வருகிறார். கணக்குக்குத் தமிழ்மதி மிஸ். நான் ஏ பிரிவு, இங்கிலீஷ் மீடியம். கீர்த்தனா பி பிரிவு, தமிழ் மீடியம். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். இப்போது நடுவில் ஒரு சுவர். அவள் சிரித்தால் இந்தப் பக்கம் கேட்கிறது.

என்னை மட்டும் ஏன் இங்கிலீஷில் போட்டீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "ஒங்க அத்தா முடிவு. இங்கிலீஷ்னா படிப்பு மேல ஆச வருமாம். தப்ரேஸ் மாதிரி நீயும் பாதியில நின்னுறக் கூடாதாம்."

தப்ரேஸ் என் அண்ணன். போன வருஷம் பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். தீபாவளிக்கு முன்பே நின்றுவிட்டான். பிடிக்கவில்லை என்று சொன்னான். இப்போது அத்தாவோடு கறிக்கடையில் நிற்கிறான்.

ஜூன் 5, வியாழன்

பக்ரீத் நெருங்கிவிட்டது. அத்தாவும் அண்ணனும் விடியும் முன்பே அய்யலூர் சந்தைக்கு ஆடு பிடிக்கப் போய்விட்டார்கள். கணக்கில் பெரிய எண்கள் ஆரம்பம். லட்சம், கோடி தெரியும். மில்லியன் புதிது.

ஜூன் 11, புதன்

மிஸ் பலகையில் ஓர் எண்ணை எழுதி, இதற்கு பிரிடிசஸர் என்ன என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முன் பெஞ்ச் ருக்ஸார் கை தூக்கினாள். அவள் எல்.கே.ஜி.யிலிருந்தே இங்கிலீஷ். அந்த எண்ணில் ஒன்றைக் கழித்துச் சொன்னாள்.

அவ்வளவுதானா? இதை நான் ஒன்றாம் வகுப்பிலேயே சொல்வேனே!

கீர்த்தனாவின் புத்தகத்தில் அதற்கு 'முன்னி' என்று போட்டிருக்கிறது. பார்த்ததும் தெரிந்துவிடுகிறது, முன்னால் இருப்பது என்று.

ஜூன் 24, செவ்வாய்

இன்றும் ஒன்றும் புரியவில்லை.

ஜூலை 4, வெள்ளி

கணக்குத் தேர்வுத்தாள் கொடுத்தார்கள். இருபத்தைந்துக்கு ஆறு. எனக்கு. கணக்கில்.

ஒரு கேள்வியில் 'ஹவ் மெனி மோர்' என்று இருந்தது. மோர் என்றால் அதிகம். அதிகம் என்றால் கூட்ட வேண்டும் என்று நினைத்துக் கூட்டினேன். கழிக்க வேண்டுமாம். கூட்டலில் ஒரு தப்பும் இல்லை, ஆனாலும் பெரிய சிவப்புக் கோடு.

அத்தாவிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

ஜூலை 5, சனி

சாப்பாட்டு நேரத்தில் தாளை நீட்டினேன். அத்தா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "கடைக்கு வர்ற அம்புட்டுப் பேருகிட்டயும் எம்புள்ள கணக்குல கெட்டின்னு சொல்லி வச்சிருக்கேன். புத்தகத்தத் தொடுறியா, இல்லியா?"

நான் அழுதுவிட்டேன். அம்மா ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அண்ணன் பேசினான். சாப்பிடும்போது அவன் பேசவே மாட்டான்.

"அத்தா, அவளுக்குக் கணக்கு தெரியும். கேள்விதான் புரியல. எனக்கும் இப்டித்தான் ஆச்சு."

"ஒனக்கா? நீ பிடிக்கலன்னுல சொன்ன?"

"வேற என்னத்தச் சொல்றது? சாரு பீரியட் முழுக்க இங்கிலீஷ்ல பேசுவாரு. நான் போர்டயே பாத்துக்கிட்டு இருப்பேன். பத்தாவதுல கணக்குல தொண்ணூறுக்கு மேல எடுத்தவன், அங்க போயி முட்டாப்பய மாதிரி உக்காந்திருந்தேன்."

"ஏலே, அத அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க நம்பியிருக்க மாட்டீங்க."

அத்தா தட்டில் பாதிச் சோறு கிடக்க எழுந்து கை கழுவினார். திரும்பி வந்து என் தாளில் கையெழுத்துப் போட்டார். அண்ணனைப் பார்க்கவில்லை. போன தீபாவளியிலிருந்து அவனைச் சோம்பேறி, சோம்பேறி என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது எல்லாருக்குமே ஞாபகம் வந்திருக்கும்.

ஜூலை 7, திங்கள்

அத்தா கடையை அண்ணனிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மிஸ் சொன்னார்: "ரஃப் ஒர்க் பாத்தேன். கணக்கு நல்லா வருது. வேணும்னா தமிழ் மீடியத்துக்கு மாத்திரலாம், ஆனா இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லிருங்க."

வராண்டாவில் அத்தா என்னிடம், "ஒரு தடவ நான் முடிவு பண்ணுனேன். இந்தத் தடவ நீ சொல்லும்மா," என்றார்.

உடனே மாற்றிவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. ஏன் வரவில்லை?

ஜூலை 9, புதன்

அம்மா மாறிவிடு என்கிறார். கீர்த்தனா பக்கத்தில் எனக்கு இடம் பிடித்தே வைத்துவிட்டாளாம். அண்ணன் மட்டும், "இப்ப முழிக்கிறியா, பதினாறு வயசுல போயி முழிக்கிறியா? ஒருநா முழிச்சுத்தான் ஆகணும்," என்கிறான். அவன் ஈசியா சொல்லிட்டுப் போயிருவான். தினமும் அங்க உக்காந்திருக்கிறது நான்ல!

ஜூலை 16, புதன்

இன்று எழுந்து நின்று கேட்டுவிட்டேன். "மிஸ், கணக்கு போட்டுருவேன் மிஸ். கேள்விய மட்டும் தமிழ்ல ஒருக்கா சொல்லுங்க."

வகுப்பே சிரித்தது. மிஸ் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. தமிழில் சொன்னார். நான் எழுதினேன். நிமிர்ந்து பார்த்தால், சிரித்தவர்களில் பாதிப் பேர் அதைக் கேட்ட பிறகுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 28, திங்கள்

இயற்கணிதம் தொடங்கியது. மிஸ் மேசையில் தீக்குச்சிகளை அடுக்கினார். ஒரு முக்கோணத்துக்கு மூன்று குச்சி. அதை ஒட்டி இன்னொரு முக்கோணம் வைத்தால் இரண்டே குச்சி போதும். அடுத்ததற்கும் இரண்டு. பிறகு, எக்ஸ் முக்கோணத்துக்கு எத்தனை என்று கேட்டார்.

ருக்ஸார், "எக்ஸுன்னா எத்தன மிஸ்?" என்றாள். எத்தனை வேண்டுமானாலும் என்றார் மிஸ். "அப்ப எப்டி மிஸ் எண்ணுறது?" என்று மறுபடியும் கேட்டாள். ஒருவரும் கை தூக்கவில்லை.

எனக்குக் குச்சிகள்தான் கண்ணில் இருந்தன. முதல் குச்சியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு இரண்டுதான். எழுந்து போய்ப் பலகையில் 2x + 1 என்று எழுதினேன். ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியிருக்கவில்லை. மிஸ் சரி போட்டார்.

ஜூலை 31, வியாழன்

மாறவில்லை என்று அத்தாவிடம் சொன்னேன். "யோசிச்சியா?" என்றார். "யோசிச்சேன்."

உண்மையில் என்ன யோசித்தேன்? ருக்ஸாருக்கும் புரியாதது ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததாலா? அதுவும்தான்.

கீர்த்தனா பேசவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கீர்த்தனா பேசிவிட்டாள். அவளுடைய கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தாள். தமிழ்ச் சொல்லும் அதற்கு இங்கிலீஷும் கடைசியில் வரிசையாக இருக்கின்றன. நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அண்ணன் வந்து அந்தப் பக்கங்களை போனில் படம் எடுத்தான். எதற்கு என்றேன். "சும்மா," என்றான்.

செப்டம்பர் 17, புதன்

காலாண்டு கணக்குப் பரீட்சை முடிந்தது. ஒரு கேள்வி புரியவேயில்லை. விட்டுவிட்டேன். மற்றதெல்லாம் எழுதினேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

அறுபதுக்கு முப்பத்தேழு. கீர்த்தனா ஐம்பத்தாறு. பொறாமையாகத்தான் இருந்தது. அவளிடமே சொல்லிவிட்டேன். அவள் எனக்கும் சேர்த்து ஐஸ் வாங்கினாள்.

அத்தா மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, "ஏறியிருக்குல்ல, போதும்," என்றார்.

அக்டோபர் 13, திங்கள்

அண்ணன் காலையில் கடைக்குப் போகவில்லை. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பாலிடெக்னிக் போய்விட்டு மத்தியானம் வந்தான். திரும்பவும் சேர முடியுமா என்று கேட்கப் போயிருக்கிறான். வருகிற வருஷம் முதலிலிருந்து சேர்ந்துகொள்ளலாம் என்றார்களாம். யாரையும் பார்க்காமல், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அத்தா சாப்பிட்டு முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "கடைக்கு ஒரு ஆளு பாக்கணும். ஒங்க ஊருப்பக்கம் யாரும் இருந்தாச் சொல்லு," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.