இரண்டு நாள் பொறுக்காத கை

ஆவணி 12, வியாழன்.

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை நாலு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து, கல்யாணப் பெண் நந்தினிக்கு மருதாணி போட்டேன். இலைப்பொடியைச் சலித்து, எலுமிச்சைச் சாறு விட்டு நானே குழைத்த கோன். கழுவினால் முதலில் ஆரஞ்சாகத்தான் இருக்கும், இரண்டு நாளில் தானாகச் சிவக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

இன்று மதியம் அவள் அம்மா போன் செய்தாள். "இன்னா மருதாணிம்மா போட்ட? பொண்ணு கையெல்லாம் கொப்புளமா இருக்குது!"

ஓடினேன். விரல்கள் வீங்கியிருந்தன. நான் வரைந்த கொடிகள் மேலெல்லாம் நீர்க்கொப்புளம். ஆரஞ்சைப் பார்த்துப் பயந்துபோய், அன்றைக்கே செஞ்சி கடைவீதியில் கறுப்புக் கோன் வாங்கி அதே கோடுகளின் மேல் போட்டிருக்கிறார்கள். அதிலிருப்பது தலைக்குப் பூசும் டை. தோலில் வைக்கலாமா அதை? விடிந்தால் கல்யாணம். முதலில் டாக்டரிடம் கிளம்புங்கள் என்றேன்.

அதற்குள் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏண்டி, ரெண்டு நாள் பொறுன்னு தலபாடா அடிச்சிக்கினேனே!"

நந்தினி அழுதுகொண்டே சொன்னாள்: "நல்லா செவந்தாதான் மாப்ளைக்கு பாசம் அதிகம்னு நீதானேக்கா சொன்ன? எனக்குச் செவக்கவே இல்லியேன்னு பயந்துட்டேன்."

சொன்னது உண்மைதான். கையை ஆட்டாமல் உட்காரட்டும் என்று எல்லாப் பெண்களிடமும் சொல்லும் கேலிதான்.

கறுப்புக் கோன் தீர்ந்துபோய் விட்டுப்போன சுண்டுவிரலில் மட்டும் மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது.