நீ தந்துவிட்ட பை

வோபர்ன், ஸ்காபுரோ
மாசி 12

அன்புள்ள தம்பி றிச்சர்ட்டுக்கு,

அவுஸ்திரேலியாவில் உன்னைப் பார்த்துவிட்டு, மடு மாதாவின் துணையால் நாங்கள் மூவரும் கனடா வீடு வந்து சேர்ந்தோம். எங்கள் சுகத்தை எழுதிவிட்டேன், உன் சுகம்தான் எனக்குத் தெரியவில்லை. வந்ததிலிருந்து எட்டுத் தரம் போன் எடுத்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. "ஓம் அக்கா, சுகம்" என்று மெசேஜ் மட்டும் வருகிறது. அந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதனால்தான் கடிதம். கலியாணத்துக்குப் பிறகு தமிழில் கடிதம் எழுதியதே இல்லை, பிழை இருந்தால் சிரிக்காதே. சிரித்தாலும் நல்லதுதான்.

இங்கே முழங்கால் அளவு பனி. அத்தான் வந்த மறுநாளே வேலைக்குப் போய்விட்டார். பிள்ளை மெலிசா உன் ஊர்ப் படங்களைக் கோயிலில் எல்லோருக்கும் காட்டிவிட்டாள். பூசை முடிந்ததும் குணவதி அன்ரி வந்து, றிச்சர்ட் பீச்சிலேயே வேலை செய்யிறானாமே, குடுத்து வைச்ச பிள்ளை என்றா. நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து குசினியில் நின்று அழுதேன்.

உண்மையாகவே உன் ஊரைப் போல ஓர் ஊரை நான் கண்டதில்லை. பாண் வாங்கக் கடைக்கு வெறுங்காலோடு வருகிறார்கள். அலை நன்றாக இருந்தால் உன் முதலாளி பட்டப்பகலில் கடையைப் பூட்டிவிட்டு அலையில் சறுக்குகிற பலகையோடு ஓடுகிறார். எதைக் கேட்டாலும் நோ வொரிஸ். அந்த வெள்ளைக்காரப் பெட்டையை நினைக்கிறேன், இங்கே எங்கள் பக்கத்து ஊர் அஜக்ஸிலிருந்து மூன்று மாதத்துக்கு முன் வந்து உன்னோடு வேலை செய்கிறவள். விசா ஒன்லைனில் கேட்டாளாம், இரண்டு நாளில் கிடைத்ததாம். அடுத்த மாதம் அலுத்துவிட்டால் வேறு நாட்டுக்குப் போவாளாம். நீ பக்கத்தில் நின்று அலையில் சறுக்க வந்தவர்கள் போட்டுக் கழற்றிய ரப்பர் உடுப்புகளைக் கழுவிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாய். பதின்மூன்று வருடமாய் இருக்கவும் விடாமல், வெளியே போனால் திரும்பி வரவும் விடாமல் உன்னை வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் அவசரம் இல்லாதவர்கள் இரண்டு வகை என்று எனக்கு அப்போது விளங்கியது.

எங்கள் ஊர் பேசாலையில் பத்து வயதிலேயே அப்பாவோடு வள்ளத்தில் போனவன் நீ. உன்னைக் கரைக்குக் கூப்பிட அம்மா தொண்டை கிழியக் கத்துவா. அங்கே உன் பீச்சில் நான் கால் நனைக்கப் போனபோது நீ என் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி காய்ந்த மணலிலேயே நின்றாய். வா என்றேன், வேண்டாம் அக்கா என்றாய். அவுஸ்திரேலியாவுக்குப் படகில் பத்தொன்பது நாள் வந்த பிறகு நீ ஒரு நாளும் கடலில் கால் வைக்கவில்லை என்று முதலாளிதான் மெலிசாவிடம் சொன்னாராம்.

இனி நான் எழுத வந்த விஷயம். பஸ் ஏறுகிற நேரத்தில் ஒரு பையைத் தந்து, உது உங்களிட்டயே இருக்கட்டும், எனக்கு இனித் தேவைப்படாது என்றாய். ஏதோ பழைய சாமான் என்று நினைத்து வாங்கிவிட்டேன். மடைச்சி நான். வீட்டுக்கு வந்து திறந்தால் உன் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அம்மாவின் படம், அண்ணன் கட்டியிருந்த செபமாலை, அடியில் உன் அகதி வழக்குக் கட்டு.

கட்டை மெலிசாவைக் கொண்டு வாசிப்பித்தேன். முதல் விசாரணையில் சொல்லாத தமையனைப் பிறகு சொன்னார், ஆகவே இவரை நம்ப முடியாது என்று எழுதி மறுத்திருக்கிறார்கள். பிள்ளை வாசித்துவிட்டு, மாமா ஏன் முதலே சொல்லேல்லை அம்மா என்று கேட்டாள். படகால் இறங்கித் தடுப்பு முகாமிலிருந்து நீ எடுத்த முதல் போனில், அண்ணன் இயக்கத்தில் செத்ததைச் சொல்லிப் போடாதே, உன்னையும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று படித்துப் படித்துச் சொன்னது நான்தானே. கனடா வந்தவள், எல்லாம் தெரிந்தவள் என்ற எடுப்பு. வினையை நான் விதைத்தேன், அறுத்தது நீ. இத்தனை வருடத்தில் ஒரு சொல் சொன்னாயா? சொல்லியிருந்தால் என் நெஞ்சு இப்படி வெடித்திராது.

இங்கே ஒரு சட்டத்தரணியிடம் போனேன். நான் சொல்லித்தான் நீ மறைத்தாய் என்று சத்தியக் கடதாசி முடித்துத் தரலாமாம். அவுஸ்திரேலியாவில் அதற்குப் பலன் இருக்குமோ என்று தனக்குத் தெரியாதாம், காலம் பிந்திவிட்டது போலிருக்கிறதாம். உனக்குப் பொய் நம்பிக்கை தரமாட்டேன். ஒரு தரம் பொய் சொல்லச் சொல்லிப் பட்டது போதும்.

ஆனால் அம்மாவின் படத்தைக்கூட இனித் தேவைப்படாது என்று ஒருவன் தந்தால் அதன் அர்த்தம் என்ன, தம்பி? எனக்குப் பயமாக இருக்கிறது. நீ உன்னை ஏதும் செய்துகொள்ளப் பார்க்கிறாய் என்று பயப்படுகிறேன். அத்தான் நேற்று உன் முதலாளிக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டார். அவர் நோ வொரிஸ் சொல்லவில்லையாம், நான் இப்பவே அவனிடம் போகிறேன் என்றாராம். அவர் கூட்டிப்போகிற டொக்டரிடம் போ. என்னோடு கோபிப்பதானால் கோபி.

உன் சாமான்களை வைத்திருக்க என் வீட்டில் இடமில்லை. அத்தனையும் திருப்பி அனுப்புகிறேன், ஒரேயடியாக இல்லை. அத்தாட்சிப் பத்திரம் வருகிற திங்கட்கிழமை. செபமாலை தவக்காலம் முடிய. அம்மாவின் படம் வைகாசியில், உன் பிறந்தநாளுக்கு. எல்லாம் கையெழுத்து வைத்து வாங்க வேண்டிய தபாலில்தான் வரும், வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார்கள். நீதான் வாசலில் நிற்க வேண்டும். அது முடிந்தால் அனுப்ப என் வீட்டில் இன்னும் எவ்வளவோ இருக்கிறது, ஒவ்வொரு கரண்டியாக அனுப்புவேன்.

மாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும். மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. என்னை ஏசுவதற்காவது ஒரு தரம் போனை எடு, ராசா.

உன் அக்கா,
எமில்டா