ஊதைமலை மாடத்துப் புதிய சலுகைகள்

அலை ஓயாத கரையும் அறம் சாயாத கோலும் உடைய வெண்மணல் நாட்டின் மாதேவியார் வேல்நங்கையாரின் திருவடிப் பணியில் ஓராண்டும் நிறையாத அமைச்சன் சேந்தன், ஊதைமலை மாடத்திலிருந்து, பவளவாய்த் துறையின் நாயகரும், துறைச்சங்கிலியின் காவலரும், மூன்று அரசர் காலத்தும் ஒரு பகைக்கலத்தையும் உள்ளே விடாதவருமான கொற்றனார் திருமுன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் துறையில் மீன்வளம் பெருகுக. தங்கள் பன்னிரு குடிகளின் கலங்கள் போன வழியே நலமாய் மீள்க. தங்கள் கண்ணொளி குறையாது நிற்க.

இவ்வோலை, ஐந்து நாளுக்கு முன் யான் விடுத்த ஓலையை நீக்குவது. இதை முழுதும் படித்து முடிக்கும் வரை ஒரு குடியையும் பல்லக்கில் ஏற்ற வேண்டா.

ஊதைமலை மாடத்தைப் புதிதாக ஏற்றுள்ள பரிபாலனத்தார் முறைக்காரர்களுக்குச் சலுகைகளைக் கூட்டுவார்களா, அல்லது வாயால் மட்டும் கூட்டுவார்களா என்று பார்த்துவரத் தாங்கள் மாதேவியாரிடம் விண்ணப்பித்தீர்கள். அதன்பொருட்டே யான் இங்கு வந்தேன். மாடத்தைப் பன்னிரண்டு ஆண்டுக்கு அவர்களிடம் உறுதிசெய்யும் ஓலையில், வரும் சித்திரை முழுமதி நாளன்று, என் விரல் மோதிரத்தின் முத்திரை விழ வேண்டும் என்பதும் ஏற்பாடு. அந்நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் உள்ளது.

மாடத்தின் பழைய முறையைத் தங்களுக்கு யான் சொல்வது மீனுக்கு நீந்தக் கற்பிப்பது போலாகும். ஆயினும் என் ஐயம் அதிலிருந்தே எழுவதால் ஒருமுறை எழுதிக்கொள்கிறேன். துறையின் வாயை அடைக்கும் துறைச்சங்கிலியை மாலைதோறும் இழுத்துக் கட்டும் குடிகள் பன்னிரண்டு. அவர்கள் உப்புக்காற்றில் உழைத்த உடம்பை ஆற்றிக்கொள்ள, ஆண்டுக்கு ஒரு மாதம் இம்மாடத்தில் தங்கும் உரிமையை முன்னோர் அளித்தனர். ஒரு குடிக்கு ஒரு மாதம் என்று மாதங்களைப் பிரித்தனர். ஆகவே எந்த நாளிலும் ஒரு குடி மலையில் இருந்தால் பதினொரு குடி துறையில் இருக்கும். இதை ஒரு காவல் ஏற்பாடு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மாறாக, ஐப்பசி வாய்த்தவர்கள் மழையைத் திட்டினார்கள், மார்கழி வாய்த்தவர்கள் பனியைத் திட்டினார்கள், அக்காளும் தங்கையும் வெவ்வேறு குடியில் வாழ்க்கைப்பட்டதால் மலையில் ஒருநாளும் சேர்ந்து இருக்கவில்லையே என்று அழுதார்கள். யானும் அதை ஒரு குறையாகவே முதல் ஓலையில் எழுதினேன்.

புதுப் பரிபாலனத்தின் தலைவர் மகரதத்தர் என்பவர். அவர் எந்த நாட்டினர் என்று கேட்டேன். வணிகருக்கு வாடிக்கையாளர் இருக்கும் இடமே நாடு என்று இன்முகத்தோடு விடை தந்தார். தங்கள் விண்ணப்பத்தில் கண்ட ஒவ்வொன்றையும் வரிசையாகச் சோதித்தேன். மூங்கில் குழாய் வழியே எல்லா அறைக்கும் வெந்நீர் வருகிறது, கையை விட்டுப் பார்த்தேன். கம்பளங்கள் புதியன, இரு விரல் கனம். வெடித்த உள்ளங்கைக்கு எண்ணெய் இடும் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். தேனும் தினைமாவும் வேளைதோறும் உண்டு. புதிதாகப் பதினோரு அறைத்தொகுதிகள் எழுந்துள்ளன. பன்னிரு குடியும், முதியோர் மக்கள் உட்பட, முழுமதியை ஒட்டிய பத்து நாளும் ஒருசேரத் தங்கலாம், போகவரப் பல்லக்கும் அவர்களே விடுவார்கள் என்பது இவற்றுள் தலையாய சலுகை. எல்லாம் மெய் என்று கண்டு, இரண்டாம் நாளே, புதுப் பரிபாலனத்தால் நன்மை பெருகும் என்று முத்திரையிட்டு எழுதினேன்.

அவ்வோலையில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இருப்பதை எல்லாம் பார்த்தேன், ஏன் இருக்கிறது என்று பார்க்கவில்லை. அதுவே என் பிழை.

பங்குனி முறைக்காரராகிய, கலமோட்டும் மீகாமன் நக்கனும் அவர் குடும்பத்தாரும் இங்கே இருந்தார்கள். அவர்கள் மாதம் முடியவிருந்தும், முழுமதி வரை விருந்தினராக இருக்கச் சொல்லி மகரதத்தர் நிறுத்திக்கொண்டார். கேட்டதைக் கேட்டபடியே எழுதுக என்று தாங்கள் பணித்திருந்ததால் அவர்கள் பேச்சை மாற்றாது தருகிறேன். நக்கனின் மனைவியார், "முப்பது நாளும் வெந்நீர்க் குளியல். இவரு ஒடம்புல ஊறிக் கெடந்த உப்பெல்லாம் கரைஞ்சு, ஆளு பாதியாப் போயிட்டாரு. ஊருக்கு வந்தா எம் மாமியாருக்கே அடையாளம் தெரியாது" என்று நகைத்தார். நக்கனும் மனம் நிறைந்தவராகவே இருந்தார்.

மூன்றாம் நாள் பகலுணவின்போது, இலையில் சோறிட்ட பணியாளன் ஒருவனின் கையை நக்கன் சட்டெனப் பற்றினார். அதைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். "ஏலே, இது துடுப்புப் புடிச்ச கையில்லா? மலைச்சுமை தூக்குறவனுக்குத் தோள்லதான காய்ப்பு இருக்கும், ஒனக்கு உள்ளங்கை குறுக்கால கெடக்கு. எந்தக் கரைடே நீ?" என்று கேட்டார். அவன் கையை உருவிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தான். நக்கனோ அதைக் குற்றமாகக் கருதவில்லை. தம் இனத்தான் ஒருவனை மலையில் கண்ட மகிழ்ச்சியில் என் பக்கம் திரும்பி, "கடல்காரன் கையால தின்னா உப்புக் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும், ஐயா கோவிச்சுக்காதீங்க" என்று உரக்கச் சிரித்தார். கூடத்தில் வேறு எவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை நக்கனின் அறை பூட்டிக் கிடந்தது. கேட்டதற்கு, மேற்பாறையில் அதைவிட நல்ல அறைக்கு மாற்றியிருப்பதாக மகரதத்தர் கூறினார். பார்த்துவரப் புறப்பட்டேன். அவர்கள் ஓய்வில் இருக்கிறார்கள், ஓய்வைக் கலைப்பது மாடத்தின் புதிய விதிக்கு மாறு என்று வாயிற்காவலர் இருவர் பணிவோடு தடுத்தனர். அன்று மாலையும் தடுத்தனர். இன்று காலையும் தடுத்தனர். நக்கனின் சிரிப்பொலி நான்கு சுவர் தாண்டிக் கேட்கும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். மேற்பாறையிலிருந்து ஓர் ஒலியும் இல்லை.

அதன் பிறகே யான் பணியாளர்களை எண்ணினேன். நாற்பது பேர். ஒருவனும் முதியவன் அல்லன். இருபது ஆண்டாக இம்மாடத்தில் சமைத்துவந்த சாத்தி என்னும் மலைமகளைத் தங்கள் குடிகள் எல்லோரும் அறிவர். புதுப் பரிபாலனத்தார் அவளுக்கு இன்றோடு விடை கொடுத்துவிட்டனர். அவளிடம் இவர்களைப் பற்றி வினவினேன். "சாமி, இவனுங்கள்ல ஒருத்தனுக்கு வெறகு பொளக்க வரல. படியேறச் சொன்னா செவுத்தப் புடிக்கிறான். சமதரையில கால அகட்டி அகட்டி நடக்குறான். இவனுங்க மலைக்கு வந்தானுங்களா, மலைய இவனுங்க தலையில யாரும் எறக்கி வெச்சாங்களா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, வேலை தெரியாதவனை வைத்துக்கொண்டு தெரிந்தவளை அனுப்புகிறவன் சமையலுக்காக ஆள் சேர்க்கவில்லை என்றும் சொன்னாள்.

மகரதத்தர் என்னோடு உரையாடும்போதெல்லாம் குடிகளின் நலத்தையே வினவுகிறார். சங்கிலியை இழுக்க எத்தனை பேர் வேண்டும், அத்தனை பேரும் மலைக்கு வந்துவிட்டால் துறையில் எஞ்சியிருப்போர்க்கு வருத்தம் ஆகாதா என்று ஒருநாள் கேட்டார். ஒருவரையும் விட்டுவராதீர்கள், காவலில் நிற்பவனுக்கும் ஓய்வு வேண்டும் அல்லவா என்று மற்றொரு நாள் இரங்கினார். சித்திரையில் துறை உறங்கும் என்று தங்கள் ஊரார் சொல்வார்கள் என்பதை யானே அவரிடம் சொன்னேன். அம்மாதத்தில் கடலிலிருந்து காற்று வீசாது, பாய்க்கலம் எதுவும் துறைக்குள் வர இயலாது, ஆகவே எல்லோரும் வருவதில் இடர் இல்லை என்றும் விளக்கினேன். அவர் மகிழ்ந்து எனக்கு இன்னும் கொஞ்சம் தேன் இடச் சொன்னார். துடுப்புக் கலத்துக்குக் காற்று வேண்டா என்பது அப்போது என் அறிவுக்கு எட்டவில்லை.

நேற்றுக் காலை மாடத்தின் மேற்குப் புறத்தைச் சுற்றிவந்தேன். விருந்தினர் முற்றம் கிழக்கே பார்த்தது. மேற்கே, மேற்பாறையினின்று வேறாக, ஒரு செங்குத்தான பாறை, அங்கே ஒருவரும் அமர்வதில்லை. ஆயினும் அப்பாறையின் மேல் இருந்த மரங்களை எல்லாம் வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். நடுவே ஆள் உயரத்துக்கு மும்மடங்காகக் காய்ந்த விறகை அடுக்கி, எண்ணெய்க் குடங்களை அருகே வைத்து, ஓலையால் மூடியிருக்கிறார்கள். அங்கே நின்று பார்த்தேன். வானம் தெளிந்திருந்தது. பவளவாய்த் துறை நகக்கீற்று அளவு தெரிந்தது. அதற்கு அப்பால் கடல் முழுவதும் தெரிந்தது. கடலில் உள்ளவர்க்கும் இவ்விடம் அவ்வாறே தெரியும்.

இது என்னவென்று மகரதத்தரிடம் கேட்டேன். பன்னிரு குடியும் வந்து சேர்ந்த மாலையில் அவர்கள் கண்டு களிக்க ஏற்றும் பெருவிளக்கு, இதுவும் ஒரு சலுகை என்றார். முற்றத்துக்குத் திரும்பி அங்கிருந்து அண்ணாந்து நோக்கினேன். நடுவே நிற்கும் பாறை மறைத்தது. முற்றத்தின் நான்கு மூலையிலும் நின்று பார்த்தேன். ஒரு மூலையிலிருந்தும் அவ்விறகு தெரியவில்லை. விருந்தினருக்காக ஏற்றும் விளக்கை விருந்தினர் காண வழியில்லை.

துறைநாயகரே, யான் இளையவன். கடலை நூலில் கற்றவன். கையில் உள்ள காய்ப்பும், பூட்டிய அறையும், அடுக்கிய விறகும் தனித்தனியே பார்த்தால் ஒன்றும் இல்லை என்று யானே பலமுறை எனக்குச் சொல்லிக்கொண்டேன். யான் பிழைபட்டிருந்தால் பன்னிரு குடிகள் பத்து நாள் இன்பத்தை இழப்பார்கள், அவர்கள் வசையை யான் ஏற்பேன், அமைச்சுப் பதவியையும் துறப்பேன். யான் பிழைபடாதிருந்தால், சங்கிலியை இழுக்க ஆள் இல்லாத ஒரு மாலையில் துறையின் வாய் திறந்து கிடக்கும், அதைக் காக்க வேண்டியவர்கள் எல்லோரும் வெந்நீரில் குளித்துத் தேனுண்ட களைப்பில் நாற்பது பேரின் கைக்குள் இருப்பார்கள். இரண்டையும் நிறுத்துப் பார்த்தே இதை எழுதுகிறேன். சலுகைகள் பெருகுமா என்ற தங்கள் வினாவுக்கு என் விடை, பெருகும் என்பதே. இவ்வளவும் எதற்கு ஈடாகத் தருகிறார்கள் என்பதைத் தாங்கள் கேட்கவில்லை, யானும் கேட்கவில்லை.

பல்லக்குகள் இன்று காலை இங்கிருந்து புறப்பட்டுவிட்டன. பெருவழியில் அவை துறையை அடைய நான்கு நாள் ஆகும். சாத்தி தேனெடுப்போர் வழியாக இரண்டே நாளில் இறங்கிவிடுவாள். விடைபெற்றுப் போகிற சமையற்காரியின் தினைமூட்டையை இதுவரை எவரும் சோதிக்கவில்லை. யானும் அவளோடு வந்துவிடலாம் என்று எண்ணினேன். என் குதிரைக்கு இலாடம் மாற்றுவதாகக் கொண்டுசென்று மூன்று நாள் ஆகிறது, இன்னும் திரும்பவில்லை. யான் இல்லையென்று கண்டால் மேற்பாறையில் நக்கனின் மக்களுக்கு என்ன நேரும் என்பதும் தெரியவில்லை. ஆகவே இங்கேயே இருக்கிறேன். வேளைக்கு உண்கிறேன், கேட்போரிடம் எல்லாம் நலம் என்கிறேன்.

ஆதலால் மாதேவியாரின் பெயரால் பணிக்கிறேன். சித்திரை முறைக்குரிய குடி உட்பட, ஒரு குடியும் மலையேற வேண்டா. வரும் பல்லக்குக்காரரை உபசரித்து, உணவிட்டு, முற்றத்தில் நிறுத்தி, அவர்கள் கைகளைப் பார்த்துக்கொள்க. துறைச்சங்கிலியை அவர்கள் வந்த நாள் முதல் பகலிலும் இறக்க வேண்டா. முழுமதிக்கு இரு நாள் முன்பிருந்து பதினொரு குடியும் தத்தம் இடத்தில் நிற்க. ஊதைமலையில் பெருந்தீ எழக் கண்டால் அதை விழா என்று எண்ண வேண்டா. இவ்வோலையின் படி ஒன்றைத் தலைநகருக்கும் விடுக்க.

இறுதியாக ஒன்று. உறுதியோலைக்கு அளவு பார்க்க வேண்டும் என்று சொல்லி, என் மோதிரத்தை ஒரு பொழுது தருமாறு மகரதத்தர் இன்று கேட்டார். நாளைக் காலை தருகிறேன் என்றேன். மறுமுறை அவர் கேட்கமாட்டார் என்று நினைக்கிறேன். ஆகவே இம்மோதிரத்தின் மெய்யான முத்திரை இவ்வோலையோடு முடிகிறது. இதன்பின் இதே முத்திரையோடு, ஐயம் தீர்ந்தது, குடிகளை அனுப்புக என்று ஓலை வரலாம். அதன் எழுத்து என் எழுத்தே போல இருந்தாலும் ஏற்க வேண்டா. யானே எழுதியதாக இருந்தாலும் ஏற்க வேண்டா.

இது ஆணை. ஊதைமலை மாடம், சித்திரைத் திங்கள் நான்காம் நாள், முற்பகல். அமைச்சன் சேந்தன் முத்திரை.