நிற்கிறவர்களுக்குப் பச்சை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் உனக்கு எரிச்சல் வரும், கேட்கவில்லை. எங்கே இருக்கிறாய் என்று இதைக் கொண்டுவரும் உன் மெக்கானிக் நண்பனிடமும் கேட்கவில்லை. தெரிந்தால் போலீஸ் முன்னால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அக்காவுக்குப் பொய் சொல்ல வராது என்று நீதானே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாய்.

அப்பாவை அனுப்பி வைத்து ஒன்பது நாள் ஆகிறது. கொள்ளி போட நீ நிற்க வேண்டிய இடத்தில் மாமா நின்றார். அம்மாவைச் சாப்பிடச் சொன்னால், அவன் சாப்பிட்டானா என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல? சாப்பிட்டான் என்கிறேன்.

நீ ஓடிவிட்டாய். பிறகு என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரிய வேண்டும். சலைன் பாட்டில் தொங்கவிடும் அந்த இரும்புக் கம்பத்தின் அடிப்பாகம் எவ்வளவு கனம் தெரியுமா? நர்ஸ்கள் நாங்களே இரண்டு கையால்தான் நகர்த்துவோம். அதைத் தலைகீழாகப் பிடித்து நீ வீசினாய். முதல் வீச்சில் கண்ணாடிக் கதவு போயிற்று. இரண்டாவது சின்ன டாக்டரின் தோளில். மூன்றாவது முகத்தில். அவர் விழுந்த பிறகும் உதைத்தாயே, அதுதான் எனக்குத் தூக்கத்தில் வருகிறது. தரையைத் துடைத்தது நான். ஒரு பல் என் செருப்புக்கடியில் நறுக்கென்றது. அவருடைய வலது கண்ணில் இனிப் பார்வை வராது என்று சொல்லிவிட்டார்கள். உன் வயதுதான் அவருக்கு.

அடித்தவன் நீ மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின வாரம், வேறு ஒருவரை முன்னால் விட்டேன் என்று ஒருத்தன் ஆஸ்பத்திரியில் நான் உட்காரும் ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் முடியைப் பிடித்து இழுத்து, நெற்றியைச் சட்டத்தில் மோதினான். கதவில் இடித்துக்கொண்டேன் என்று வீட்டில் சொன்னேன். நீயும் நம்பினாய். பார், எனக்கும் பொய் வரும்.

ஆஸ்பத்திரி நெரிசலைக் குறைக்க அரசாங்கம் நிதி ஒதுக்கியது என்று பேப்பரில் படித்துவிட்டு, இனி அக்காவுக்கு நிம்மதி என்று அப்பா எவ்வளவு சந்தோஷப்பட்டார். நிதி வரத்தான் வந்தது. கண்ணாடிக் கதவு வந்தது, எண் காட்டும் பெரிய திரை வந்தது, மணிக்கட்டில் கட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பட்டைகள் வந்தன. இருபது கட்டில்களும் வந்தன. அவை மாடியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கின்றன, ஏனென்றால் பார்த்துக்கொள்ள ஆள் போட அந்த நிதியில் இடமில்லையாம். கீழே நடைபாதையில் ஆட்கள் தரையில் கிடக்கிறார்கள். பார்வையிட வந்த பெரிய மனிதர்கள் கட்டில்களைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சிவப்பு என்றால் உடனே, மஞ்சள் என்றால் அடுத்து, பச்சை என்றால் காத்திருக்கலாம். யாருக்கு எந்த நிறம் என்பதற்கு ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நாடி பார், மூச்சை எண்ணு, எங்கே வலி என்று கேள். ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம். வாசலில் இருநூறு பேர் நிற்கும்போது ஐந்து நிமிடத்துக்கு எங்கே போவது? எங்கள் தலைமை நர்ஸ் ஒரு குறுக்கு வழி சொல்லிக் கொடுத்தார். நாங்கள் அவரை சைரன் என்போம், அவ்வளவு குரல். "எந்திரிச்சு நிக்க முடிஞ்சா பச்சை. அடுத்த ஆளப் பாரு." அந்தத் தாளை நாங்கள் எல்லோரும் மறந்துபோனோம்.

அன்று காலை நீ அப்பாவை உட்கார வைத்துவிட்டு, காவலாளி கத்துகிறான் என்று வண்டியை நகர்த்தப் போனாய். அந்த இரண்டு நிமிடத்தில்தான் எல்லாம் நடந்தது. பட்டை கட்டும் ஆள் வரிசையாக வந்தது, பின்னாலேயே சின்ன டாக்டர் வந்தார். அப்பா என்ன செய்தார் தெரியுமா? எழுந்து நின்றார். முப்பத்தொரு வருஷம் ஆபீஸ் பியூனாக இருந்தவர், அதிகாரி யார் வந்தாலும் உட்கார்ந்திருக்கத் தெரியாதவர். காய்ச்சலில் படுத்திருந்தபோது வீட்டு வாசலுக்கு வந்த தபால்காரருக்கே எழுந்து நின்றவர் இல்லையா? வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு, லேசான வாயுத் தொல்லைதான் என்றார். நெற்றி வேர்த்திருந்ததாம், பக்கத்து நாற்காலிக்காரர் பிறகு சொன்னார். நின்றார், பச்சை விழுந்தது.

மூன்று முறை நீ ஜன்னலுக்கு வந்தாய். நம் வீட்டு ஆள் என்று முன்னால் விட்டால் இங்கிருப்பவர்கள் என்னைக் கிழித்துவிடுவார்கள் என்று மூன்று முறையும் விரட்டினேன். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஓடிய வாசகங்களை வாய்க்குள் படித்தார். ஒன்றேகாலுக்கு நாற்காலியிலிருந்து சரிந்தார். நானும் சின்ன டாக்டரும் மாறி மாறி நெஞ்சை அமுக்கினோம். விலா எலும்பு முறிந்தது என் கையில் தெரிந்தது. அப்பாவுக்கு உயிர் திரும்பவில்லை.

அப்போதுதான் நீ பட்டை கட்டிய அப்பாவின் கையைத் தூக்கிக் காட்டிக் கத்தினாய்.

"எவன்டா எங்கப்பாவுக்குப் பச்சை கட்டினது?"

நான் உனக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. சின்ன டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு உன்னைப் பார்த்துச் சொன்னார்.

"நான்தாங்க."

தம்பி, கட்டியது நான். ஜன்னலில் உட்காரும் முன் பட்டை கட்டும் சுற்று அன்று என் முறை. பெற்ற அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல், கால்களை மட்டும் பார்த்துவிட்டு, இந்தக் கையால் கட்டினேன். வரிசையில் அவருக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள். நீ தூக்கிய கம்பம் என் மேல் விழ வேண்டியது. விழுந்தது அவர் முகத்தில்.

நேற்று அவரைப் பார்க்கப் போனேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கட்டுப்போட்ட முகத்தோடு, வார்த்தை குழற, பக்கத்திலேயே நின்றேனே, நானும் பார்க்கவில்லையே என்றார். அவருடைய அம்மா எனக்கு உட்கார நாற்காலி எடுத்துப் போட்டார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

இப்போது புதிதாக நிதி வந்திருக்கிறது. என் ஜன்னலுக்குக் கம்பி வலை போட்டுவிட்டார்கள். தடியோடு நான்கு காவலர்கள். நேற்று முன்தினம் அதில் ஒருவன், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒரு தகப்பனை முழங்காலில் அடித்தான். கட்டில்கள் இன்னும் மாடியில்தான்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் விசாரணை. நான் உண்மையைச் சொல்லப் போகிறேன். வேலை போகட்டும். நீயும் அதற்குள் வந்துவிடு. நீயாக வந்தால் ஒரு மாதிரி, பிடித்துக் கொண்டுபோனால் வேறு மாதிரி என்று வக்கீல் சொல்கிறார். வந்து என்னை அடிக்க வேண்டுமென்றால் அடி. அந்த அடி எனக்குச் சேர வேண்டியதுதான். ஆனால் சின்ன டாக்டரிடம் போய் ஒரு வார்த்தை சொல். அம்மா உன் முகத்தை ஒருமுறை பார்க்கட்டும்.

கண்ணாடி உடைத்தபோது உன் வலது உள்ளங்கையிலிருந்து ரத்தம் சொட்டியதைப் பார்த்தேன். தையல் போட்டாயா? சிவந்து வீங்கியிருந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ திங்கட்கிழமை வரை காத்திருக்காதே, கிட்டே எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே போ. போனால், கண்ணே, வெள்ளைக் கோட்டு யார் வந்தாலும் எழுந்து நிற்காதே. உட்கார்ந்தே இரு. வலிக்கிறது என்று சத்தமாகச் சொல்.

உன் வரவுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அக்கா